ஆயுளைக் கோடாக வரைந்த ஜோசப் பிரீஸ்ட்லி: திண்டுக்கல் கோட்டையின் கதையை பார் சார்ட்டில் போட அவர் ஏன் தேவை?

திண்டுக்கல் மலைக்கோட்டை எப்போது யார் கையில் இருந்தது? கேள்வி சின்னதுதான். பதிலைப் பத்தியாக எழுதினால் தலை சுற்றிவிடும்.

1605-ல் மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் காலத்தில் கோட்டை எழுந்தது. 1736-ல் நாயக்கர் ஆட்சி முடிந்தது. 1740-களில் மைசூர்ப் படை பிடித்தது. 1755-ல் ஹைதர் அலி பௌஜ்தாராக, அதாவது படையையும் நிர்வாகத்தையும் சேர்த்துப் பார்க்கும் அதிகாரியாக, வந்தார். 1767-ல் கிழக்கிந்தியக் கம்பெனி பிடித்தது. அடுத்த வருஷமே ஹைதர் மீட்டார். 1783-ல் மறுபடி கம்பெனி. 1784-ல் மங்களூர் உடன்படிக்கையால் மறுபடி மைசூர். 1790-ல் மூன்றாவது தடவையாகக் கம்பெனி பிடித்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அது கம்பெனிக்கே சொந்தமானது.

இதையே ஒரு படமாகப் போட்டால்? கீழே ஆண்டுகள் இடமிருந்து வலமாக ஓடும். நாயக்கர், மைசூர், கம்பெனி என ஆளுக்கொரு வரிசை. யார் ஆண்டார்களோ அந்த வருஷங்களுக்கு நேராக ஒரு கிடைமட்டப் பட்டை. மைசூர் பட்டை இரண்டு இடத்தில் அறுந்து நிற்கும். அறுந்த அதே இடத்தில் கம்பெனி வரிசையில் இரண்டு சின்னத் துண்டுகள் தெரியும். பார்த்த மாத்திரத்தில் கதை புரிந்துவிடும்.

இதற்குப் பெயர் இன்டர்வல் பார் சார்ட். சாதாரண பார் சார்ட்டில் பட்டைகள் எல்லாம் பூஜ்ஜியத்திலிருந்து கிளம்பும். இதில் ஒவ்வொரு பட்டைக்கும் தனியாக ஒரு தொடக்கம், தனியாக ஒரு முடிவு. கட்டுமான வேலை அட்டவணை, பயிர்க் காலண்டர், திட்டப்பணி நாட்கள் என நாம் தினமும் பார்க்கும் பல படங்கள் இந்த வகைதான். பைத்தான் மொழியில் மேட்பிளாட்லிப் என்ற இலவச லைப்ரரி இருந்தால் பத்து வரியில் வரைந்துவிடலாம்.

ஆனால், நேரத்தை இப்படி நீளமாக அளந்து, நூற்றுக்கணக்கான ஆயுள்களை ஒரே தாளில் அடுக்கிக் காட்டிப் பிரபலமாக்கியவர் ஒரு கணினி ஆள் இல்லை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் என்று நாம் படித்த அதே ஜோசப் பிரீஸ்ட்லிதான் அவர். யார் இவர்? ஒரு மதபோதகருக்கு எதற்கு இந்த வேலை?

திக்குவாய்ப் பையன், ஒன்பது மொழிகள்

பிரீஸ்ட்லி 1733 மார்ச் மாதம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். நெசவுத் தொழில் செய்த குடும்பம். சிறு வயதிலேயே அம்மா இறந்துவிட, வளர்த்தது அத்தை. பையனுக்குப் பேச்சு திக்கும். உடம்பும் அடிக்கடி படுத்தும். ஒரு கட்டத்தில் பள்ளிக்கூடம் போக முடியாமல் வீட்டிலேயே படித்தார். அப்படிப் படித்தது மட்டும் கிரேக்கம், லத்தீன், எபிரேயம், சிரியாக், அரபி, பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன் என்று நீளும். கூடவே கல்தேயமும்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபையை ஏற்காதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டம் கிடையாது. அரசுப் பதவியும் கிடையாது. பிரீஸ்ட்லியின் குடும்பம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. அதனால் 1752-ல் டேவன்ட்ரி என்ற ஊரில், அவர்கள் தங்களுக்காகவே நடத்திய ஒரு கல்விக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே எந்தக் கேள்வியையும் இரண்டு பக்கமும் நின்று வாதாடிப் பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

1755-ல் நீடம் மார்க்கெட் என்ற சிற்றூரில் போதகர் வேலை. ஹைதர் அலி திண்டுக்கல்லுக்கு வந்து, பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதச்சாலை அமைத்த அதே வருஷம். இங்கே ஹைதருக்கு ஏறுமுகம். அங்கே பிரீஸ்ட்லிக்கு இறங்குமுகம். கிறிஸ்துவின் தெய்வீகத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் சபையாருக்குப் பிடிக்கவில்லை. திக்குவாய் வேறு. கூட்டம் குறைந்தது, வருமானமும் குறைந்தது. 1758-ல் நான்ட்விச் என்ற ஊருக்கு மாறி, அங்கே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். கிடைத்த காசில் காற்றுப் பம்பும் மின்சாரம் உண்டாக்கும் கருவியும் வாங்கி, பிள்ளைகளிடமே இயக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார்.

வகுப்பறையில் பிறந்த சார்ட்

1761-ல் வாரிங்டன் கல்விக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. மொழிகள் கற்பிக்கப் போனவர், வரலாறும் நடத்தினார். அடுத்த வருஷம் மேரி வில்கின்சனைத் திருமணம் செய்துகொண்டார். மேரியின் அண்ணன் ஜான் வில்கின்சன், இரும்புத் தொழிலில் பெரிய புள்ளி.

வரலாறு நடத்தும் எல்லா ஆசிரியருக்கும் வரும் தலைவலி அவருக்கும் வந்தது. மாணவர்களுக்குப் பெயர் தெரியும், தேதியும் மனப்பாடம். ஆனால் யாரும் யாரும் சமகாலத்தவர், யாருக்கு யார் தாத்தா வயசு, எந்த நூற்றாண்டில் கூட்டம் அதிகம் என்றால் முழிப்பார்கள். தேதி என்பது எண். எண்ணைப் பார்த்து நீளத்தை உணர முடியாது.

பிரீஸ்ட்லி செய்தது எளிமையான காரியம். ஒரு மனிதரின் பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவே ஒரு கிடைமட்டக் கோடு போட்டார். நியூட்டனா? 1642-ல் தொடங்கி 1727-ல் முடியும் கோடு. 85 வருஷம் வாழ்ந்தவருக்கு நீளக் கோடு, 30 வயதில் போனவருக்குக் குட்டைக் கோடு.

1765-ல் வெளிவந்த அந்தத் தாளில் இப்படி ஏறத்தாழ 2,000 பேர். தாளின் அகலம் சுமார் 3 அடி, உயரம் சுமார் 2 அடி. கிறிஸ்துவுக்கு முன் 1200-லிருந்து கி.பி. 1800 வரை, 3,000 வருஷங்கள். கணக்குப் போட்டால் ஒரு நூற்றாண்டுக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் இடம். எல்லா நூற்றாண்டுக்கும் ஒரே அளவு என்பதுதான் முக்கியம். நமக்குப் பிடித்த காலத்துக்கு அதிக இடம், பிடிக்காத காலத்துக்குக் கொஞ்ச இடம் என்கிற பேச்சே இல்லை.

ஆட்களை ஆறு வரிசையாகப் பிரித்தார். அரசியல்வாதிகளும் போர்வீரர்களும் ஒரு வரிசை. இறையியலாளர்கள், தத்துவவாதிகள் ஒன்று. கணிதம், மருத்துவம் ஒன்று. கவிஞர்கள், கலைஞர்கள் ஒன்று. பேச்சாளர்கள், விமர்சகர்கள் ஒன்று. வரலாற்றாசிரியர்கள், சட்ட வல்லுநர்கள் ஒன்று. இன்றைக்கு மேட்பிளாட்லிப்பில் ஒய் அச்சில் பிரிவுகளையும் எக்ஸ் அச்சில் ஆண்டுகளையும் போடுகிறோமே, அதே அமைப்பு.

1769-ல் இரண்டாவது சார்ட் வந்தது. இதில் ஆட்களுக்குப் பதில் பேரரசுகள். எந்த நாட்டை எந்த அரசு எவ்வளவு காலம் வைத்திருந்தது என்பதை வண்ணம் தீட்டிக் காட்டினார். அதை நண்பர் பெஞ்சமின் ஃபிராங்ளினுக்குச் சமர்ப்பணம் செய்தார். திண்டுக்கல் கோட்டைக்கு நாம் மேலே கற்பனை செய்த படம் இந்த இரண்டாவது சார்ட்டின் வாரிசு.

தெரியாததற்கு ஒரு குறி

இத்தனையிலும் பிரீஸ்ட்லியின் தனித்தன்மை எது என்றால், கோடு இல்லை. புள்ளிதான்.

2,000 பேருக்கும் பிறந்த தேதி, இறந்த தேதி சரியாகத் தெரியுமா? தெரியாது. பழங்காலத்து ஆட்களில் பலருக்கு ஏதோ ஒரு நூற்றாண்டில் இருந்தார் என்பது மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்டவர்களை என்ன செய்வது? விட்டுவிட்டால் தாளில் பாதி காலியாகிவிடும். குத்துமதிப்பாக ஒரு தேதி போட்டு அழுத்தமாகக் கோடு இழுத்தால் பார்ப்பவர் அதை உறுதியான தேதி என்று நம்பிவிடுவார்.

பிரீஸ்ட்லி மூன்றாவது வழியை எடுத்தார். உறுதியாகத் தெரிந்த பகுதிக்கு முழுக்கோடு. உறுதி இல்லாத இடத்தில் புள்ளிகள். பிறப்பு சந்தேகமா, கோட்டின் இடது முனையில் புள்ளி. இறப்பு சந்தேகமா, வலது முனையில் புள்ளி. எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது படத்துக்குள்ளேயே இருந்தது. அடிக்குறிப்பு தேடிப் போக வேண்டியதில்லை.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று பார்க்கலாம். ஹைதர் அலி இறந்தது 1782 டிசம்பர் 7. அதில் குழப்பம் இல்லை. பிறந்தது எப்போது? 1717 முதல் 1722 வரை பல ஆண்டுகள் சொல்லப்படுகின்றன. பிரீஸ்ட்லி முறையில் வரைந்தால் 1717-லிருந்து 1722 வரை புள்ளி, அங்கிருந்து 1782 வரை முழுக்கோடு. அவ்வளவுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை, தகவல் ஒன்றும் விடுபடவும் இல்லை.

சோடாவும் ரப்பரும் ஆக்சிஜனும்

சார்ட்டுகளுக்கு நல்ல வரவேற்பு. பல பதிப்புகள் கண்டன. ஏற்கெனவே 1764-ல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவருக்குச் சட்டத்தில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருந்தது. 1766-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1767-ல் மின்சாரத்தின் வரலாறு பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அதே வருஷம் லீட்ஸ் நகரின் மில் ஹில் சபைக்குப் போதகராகப் போனார்.

லீட்ஸ் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பீர் ஆலை. புளிக்கும் தொட்டிகளுக்கு மேலே கனமான ஒரு வாயு மிதந்து நிற்கும். இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிறோம். அதைத் தண்ணீரில் கலக்க முடியுமா என்று பார்த்தார். முடிந்தது. 1772-ல் செய்முறையை எழுதி வெளியிட்டார். காப்புரிமை வாங்கிக் காசு பார்க்கவில்லை. வெயிலில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கோலி சோடா உடைத்துக் குடிக்கிறோம் என்றால், அந்தப் பொங்கலுக்குப் பின்னால் இவர் இருக்கிறார்.

பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்கலாம் என்ற செய்தியையும் 1770-ல் வெளியான தன் ஓவியக்கலை நூலில் குறித்துவைத்தார். சார்ட் வரைகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

1773-ல் ஷெல்பர்ன் பிரபுவிடம் நூலகராகவும் பிள்ளைகளின் கல்விக்கு வழிகாட்டியாகவும் சேர்ந்து கால்ன் என்ற ஊருக்குப் போனார். அங்கேதான் 1774 ஆகஸ்ட் 1 அன்று பாதரச ஆக்சைடைப் பெரிய குவிலென்ஸ் வழியே சூரிய ஒளியால் சூடாக்கினார். வந்த வாயுவில் மெழுகுவர்த்தி கொழுந்துவிட்டு எரிந்தது. பிறகு அதில் ஓர் எலியை வைத்தார். சாதாரணக் காற்றில் இருப்பதைவிட அதிக நேரம் எலி உயிரோடு இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் பாரிஸ் போனபோது லவாய்சியரிடம் இதைச் சொன்னார். லவாய்சியர் அந்த வாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்து, எரிதல் என்றால் என்ன என்பதையே புதிதாக விளக்கினார். ஸ்வீடனில் ஷீலே என்பவர் பிரீஸ்ட்லிக்கு முன்பே இதே வாயுவைத் தயாரித்திருந்தார். ஆனால் அவருடைய புத்தகம் 1777-ல்தான் வந்தது. ஆக, ஆக்சிஜன் கண்டுபிடிப்பை ஒரே தேதியில் குத்தி நிறுத்த முடியாது. அதுவும் 1770-களில் பரவிக் கிடக்கும் ஒரு பட்டைதான்.

வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களின் தேதிகளில் சந்தேகத்துக்கு இடம் விட்ட பிரீஸ்ட்லி, தன் கொள்கையில் விடவில்லை. பொருள் எரியும்போது ஃப்ளாஜிஸ்டன் என்ற ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய கருத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். வேதியியல் உலகம் லவாய்சியர் பக்கம் போய்விட்ட பிறகும், 1800-ல்கூட அதை ஆதரித்துப் புத்தகம் போட்டார்.

வீடு எரிந்த நாள்

1780-ல் பர்மிங்ஹாம். நியூ மீட்டிங் சபையின் போதகர். ஜேம்ஸ் வாட், மேத்யூ போல்டன், எராஸ்மஸ் டார்வின், ஜோசயா வெட்ஜ்வுட் ஆகியோர் இருந்த லூனார் சொசைட்டி நண்பர்கள் குழுவில் அவரும் ஒருவர். வாழ்க்கையில் மிக நிம்மதியான காலம் என்று இந்த 11 வருஷங்களைச் சொல்லலாம்.

ஆனால் பேனா சும்மா இருக்கவில்லை. திரித்துவக் கொள்கை தவறு, அரசும் திருச்சபையும் பிரிய வேண்டும், பிரெஞ்சுப் புரட்சி நல்லது என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1791 ஜூலை 14, பாஸ்டில் சிறை வீழ்ந்த இரண்டாம் ஆண்டு நினைவாக ஊரில் ஒரு விருந்து. பிரீஸ்ட்லி அதற்குப் போகக்கூட இல்லை. ஆனாலும் கலவரக் கும்பல் இரண்டு வழிபாட்டு இடங்களைச் சூறையாடிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தது. அவரும் மனைவியும் தப்பி ஓடினார்கள். வீடு, நூலகம், ஆய்வுக்கூடம், பல வருஷக் கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின. கலவரம் சில நாட்கள் நீடித்தது.

லண்டனிலும் நிம்மதி இல்லை. 1794-ல் கடல் கடந்து அமெரிக்கா போனார். பென்சில்வேனியாவில் நார்தம்பர்லேண்ட் என்ற சிற்றூரில் வீடும் ஆய்வுக்கூடமும் கட்டிக்கொண்டார். 1795-ல் இளைய மகன் ஹென்றி இறந்தார், 1796-ல் மேரி. பிறகும் எழுதினார், சோதனைகள் செய்தார். 1804 பிப்ரவரி 6-ல் காலமானார். வயது 70.

அவர் தூக்கிப்பிடித்த யூனிடேரியன் கொள்கை தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1795-ல் சென்னையில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் ஒரு யூனிடேரியன் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார்.

பிரீஸ்ட்லியின் வாழ்க்கையையே ஒரு இன்டர்வல் பார் சார்ட்டாகப் போடலாம். டேவன்ட்ரி 3 வருஷம், நீடம் மார்க்கெட் 3, நான்ட்விச் 3, வாரிங்டன் 6, லீட்ஸ் 6, கால்ன் 7, பர்மிங்ஹாம் 11, லண்டன் 3, பென்சில்வேனியா 10. ஒன்பது பட்டைகள், மொத்தம் 52 வருஷம். மிக நீளமான பட்டைதான் தீயில் முடிகிறது.

பிரீஸ்ட்லியிலிருந்து பைத்தான் வரை

வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்தவர் வில்லியம் பிளேஃபேர். 1786-ல் வணிகக் கணக்குகளைப் படமாக்கி ஒரு புத்தகம் போட்டார். அதில் ஸ்காட்லாந்துக்கு ஒரே ஒரு வருஷக் கணக்குதான் கிடைத்தது. ஒரு வருஷத்தை வைத்துக் கோடு இழுக்க முடியாதே! அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் பட்டை போட்டார். பார் சார்ட் வரலாறு இங்கிருந்து சொல்லப்படுகிறது. பிரீஸ்ட்லியின் ஆயுள் கோடுகள் பிளேஃபேருக்கு வழிகாட்டின என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. 1801-ல் பிளேஃபேர் போட்ட இன்னொரு புத்தகத்தில் ஐரோப்பிய நாடுகளோடு இந்துஸ்தானத்தின் அரசுகளும் படமாக இடம்பெற்றன. திப்பு சுல்தான் இறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கேன்ட் தொழிற்சாலை வேலைகளைப் பட்டைகளாக அடுக்கினார். கேன்ட் சார்ட் என்ற பெயர் அப்படி வந்தது. அவருக்கு முன்பே 1896-ல் போலந்துப் பொறியாளர் கரோல் அடமியெட்ஸ்கி இதே மாதிரி ஒன்றைச் செய்திருந்தார்.

மேட்பிளாட்லிப்பை உருவாக்கியவர் ஜான் ஹன்டர். சிகாகோவில் வலிப்பு நோயாளிகளின் மூளை சிக்னல்களை ஆராய்ந்த நரம்பியல் ஆய்வாளர். 2003-ல் முதல் பதிப்பு வந்தது. 2012-ல், 44 வயதில் அவர் இறந்துவிட்டார். லைப்ரரி இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

சரி, திண்டுக்கல் சார்ட்டை எப்படிப் போடுவது?

அறுந்த பட்டைகளுக்கு மேட்பிளாட்லிப்பில் தனியாக ஒரு கட்டளை உண்டு. பெயர் ப்ரோக்கன் பார் ஹெச். அதற்கு ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். இரண்டாவது எண் முடியும் ஆண்டு இல்லை, எத்தனை ஆண்டு என்கிற நீளம்.

ஹைதர் வந்த 1755-லிருந்து கணக்கு வைத்தால், மைசூர் வரிசைக்கு (1755, 12), (1768, 15), (1784, 6) என்று கொடுக்க வேண்டும். கம்பெனி வரிசைக்கு (1767, 1), (1783, 1), (1790, 68). கம்பெனி ஆட்சி 1858-ல் முடிந்தது என்பதால் 68. மறந்துபோய் (1755, 1767) என்று கொடுத்தால் ஹைதர் 3522-ஆம் ஆண்டு வரை திண்டுக்கல்லை ஆள்வார்! லைப்ரரி எந்த எச்சரிக்கையும் தராது. சொன்னதை வரைந்துவிட்டுப் போய்விடும்.

இரண்டாவது சிக்கல் பழைய தேதிகள். தகவலைப் பாண்டாஸ் லைப்ரரியில் தேதிகளாக மாற்றி வைப்பது பலரின் பழக்கம். அதன் நானோ செகண்ட் கணக்கில் 1677-க்கு முந்தைய தேதிக்கு இடம் கிடையாது. கோட்டை எழுந்த 1605 அதில் நுழையாது. ஆண்டு மட்டும் போதும் என்றால் வெறும் எண்ணாகவே வைத்துக்கொள்வது நல்லது. பிரீஸ்ட்லி போல கி.மு. வரை போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரலாற்று வழக்கில் கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. நடுவில் பூஜ்ஜிய ஆண்டு இல்லை. எண் கோட்டில் இருக்கிறது.

மூன்றாவது, ஒரு வருஷத் துண்டுகள். 1600 முதல் 1950 வரை 350 வருஷங்களை 700 பிக்சல் அகலத்தில் போட்டால், ஒரு வருஷத்துக்கு 2 பிக்சல்தான். 1767-ம் 1783-ம் மொபைல் திரையில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஆனால் கதையே அங்கேதான் இருக்கிறது. 1740 முதல் 1800 வரை தனியாக ஒரு படம் போடுவதுதான் வழி.

நான்காவது, பிரீஸ்ட்லி சொல்லிக்கொடுத்த பாடம். ப்ரோக்கன் பார் ஹெச் போடும் பட்டைக்கு இரண்டு முனையும் கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கும். 1736-ல் நாயக்கர் ஆட்சி முடிந்ததற்கும் 1755-ல் ஹைதர் வந்ததற்கும் நடுவே உள்ள குழப்பமான வருஷங்களையும், 1790-ல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்ததையும் லைப்ரரி ஒரே உறுதியோடு வரையும். அதற்கு வித்தியாசம் தெரியாது. மைசூர்ப் படை வந்த 1740-களை முழுப்பட்டையாக இழுக்காமல், ஹெச்லைன்ஸ் என்ற கட்டளையில் கோட்டின் வகையைப் புள்ளிக்கோடு என்று மாற்றித் தனியாகப் போட வேண்டும். இல்லையென்றால் ஆல்ஃபா அளவைக் குறைத்து அந்தப் பகுதியை மட்டும் மங்கலாக்கலாம். கூடுதலாக ஒரு வரி கோட், அவ்வளவுதான்.

1792-ம் அப்படித்தான். 1790-ல் பிடித்தது ஒன்று, 1792-ல் உடன்படிக்கையில் எழுதி வாங்கியது வேறு. பட்டையை எங்கிருந்து தொடங்குவது என்பதை லைப்ரரி முடிவு செய்யாது, வரைகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். படையெடுப்பைக் கணக்கில் எடுக்கிறோமா, உடன்படிக்கையையா என்பதைப் படத்தின் அடியில் ஒரு வரி எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இதெல்லாம் பழைய கோட்டைக்கு மட்டும்தானா? இல்லை. திண்டுக்கல் சமவெளியில் வடகிழக்குப் பருவமழையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று பயிர்க் காலண்டரில் ஒரு நீலப் பட்டையாகப் போடுகிறோம். மழை எந்த வருஷமும் அக்டோபர் 1 காலையில் கையெழுத்துப் போட்டு வேலைக்கு வருவதில்லை. முனையைப் புள்ளியாகப் போட்டால் விதைக்கிறவர் கொஞ்சம் யோசிப்பார். முழுப்பட்டையாகப் போட்டால் நம்பிவிடுவார். சாலைப் பணி முடியும் நாள், குடிநீர்த் திட்டம் முடியும் நாள் என்று சுவரில் ஒட்டப்படும் ஒவ்வொரு பட்டைக்கும் இது பொருந்தும். வலது முனை நடந்து முடிந்ததா, வெறும் எதிர்பார்ப்பா என்று படம் பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும்.

பிரீஸ்ட்லி நினைவாக அமெரிக்க வேதியியல் சங்கம் இன்றும் தன் உயரிய விருதை பிரீஸ்ட்லி பதக்கம் என்ற பெயரில் வழங்குகிறது. நார்தம்பர்லேண்ட் வீடு இப்போது அருங்காட்சியகம். வேதியியலில் அவர் பிடித்துத் தொங்கிய கருத்து தோற்றுப்போனது. சார்ட்டில் அவர் வைத்த புள்ளி இன்றும் செல்லும். 260 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் கையால் செதுக்கிய செப்புத் தகட்டில் வைக்க முடிந்த அந்தப் புள்ளியை, லேப்டாப்பில் வைக்காமல் விடுவதற்கு நமக்குக் காரணம் எதுவும் இல்லை.